ஊர்ச் சொத்துக்கு அமெரிக்காவிலிருந்து பவர்: நோட்டரியைப் பார்க்கப் போகும் முன்

ஊரில் ஒரு மனையோ வீடோ உங்கள் பெயரில் இருக்கிறது. அதை விற்க வேண்டும், அல்லது பாகம் பிரிக்க வேண்டும். நீங்கள் இருப்பது கலிபோர்னியாவில், இப்போதைக்கு இந்தியா போக வாய்ப்பில்லை. இந்த நிலையில் தம்பிக்கோ மாமாவுக்கோ பவர், அதாவது நமக்குப் பதிலாக முகவராகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுப்பதுதான் எல்லாரும் செய்வது. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நோட்டரி முன்பாகவோ இந்தியத் தூதரக அதிகாரி முன்பாகவோ பவர் எழுதிக் கொடுக்கலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலானவர்கள் போவது நோட்டரி வழியில். முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விவரங்கள் எல்லாம் கலிபோர்னியாவை வைத்துத்தான். மற்ற மாநிலங்களில் கட்டணமும் சில விதிகளும் மாறும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் நோட்டரி என்றால் வக்கீல். கோர்ட் வாசலில் போர்டு மாட்டியிருப்பார், பத்திரத்தைப் படிப்பார், தப்பு இருந்தால் சொல்வார், தேவைப்பட்டால் அவரே டைப் அடித்துக் கொடுப்பார். அமெரிக்க நோட்டரி அப்படி இல்லை. கூரியர் கடையில் பெட்டி ஒட்டிக் கொடுப்பவரே நோட்டரியாகவும் இருப்பார். தேர்வு எழுதி, கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்து நியமனம் பெற்றவர்தான், ஆனால் வக்கீல் அல்ல. சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதியே கிடையாது. அவர் உறுதி சொல்வது ஒன்றே ஒன்று: இந்தத் தேதியில், இந்த கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), இந்த ஆள் என் முன் நேரில் வந்தார், தாம் யார் என்று காட்டினார், இது தம் கையெழுத்து என்று ஒப்புக்கொண்டார். கலிபோர்னியாவில் நோட்டரி இணைக்கும் சான்றிதழின் உச்சியில் ஒரு கட்டம் போட்டு இதை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். கையெழுத்திட்டவரின் அடையாளத்துக்கு மட்டும்தான் இந்தச் சான்று, பத்திரத்தின் உண்மைக்கோ செல்லுபடிக்கோ அல்ல என்று.

ஆகவே பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருந்தாலும் அவர் முத்திரை போட்டுவிடுவார். தப்பு தெரியவருவது ஒரு மாதம் கழித்து, உங்கள் தம்பி சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது. உண்மையான வேலை முழுவதும் அப்பாயின்ட்மென்டுக்கு முன்னாலேயே இருக்கிறது.

பத்திரத்தைத் தயார் செய்வது

வரைவை ஊரில் ஒரு வக்கீலிடமோ நம்பிக்கையான பத்திர எழுத்தரிடமோ எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவம் வேண்டாம். அதை எழுதியவருக்கு உங்கள் ஊர் சார்பதிவாளர் என்ன கேட்பார் என்று தெரியாது. வரைவு வந்ததும் மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். சர்வே எண், அதன் உட்பிரிவு, பரப்பளவு, நான்கெல்லை, கிராமம், வட்டம், எந்த சார்பதிவகம், மூலப்பத்திரத்தின் எண்ணும் ஆண்டும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்த்தால் நல்லது, தனியாகப் பார்க்கும்போது கண் தானாகத் திருத்திப் படித்துவிடும்.

எந்த அளவுக்கு அதிகாரம் கொடுப்பது என்பது உங்கள் முடிவு. என் கருத்தைக் கேட்டால், பொதுப் பவர் வேண்டாம். எந்தச் சொத்தோ அது மட்டும், எந்த வேலையோ அது மட்டும் என்று தனிப் பவராக எழுதுங்கள். விற்க என்றால் விற்கவும், கிரையப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும், பதிவுக்குத் தாக்கல் செய்யவும் அதிகாரம் உண்டு என்று தெளிவாக இருக்க வேண்டும். பணத்தை முகவர் வாங்கலாமா, உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) நேராக வர வேண்டுமா என்பதையும் எழுதிவிடுங்கள். தம்பி மேல் சந்தேகமா என்று வீட்டில் யாராவது வருத்தப்படலாம். எழுத்தில் தெளிவாக இருப்பது தம்பிக்கும் பாதுகாப்புதான்.

கோப்பை வேர்டில் வாங்காதீர்கள், பி.டி.எஃப். ஆக வாங்குங்கள். ஊரில் பல பத்திர எழுத்தர்கள் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத உங்கள் கணினியில் திறந்தால் எழுத்துகள் உதிர்ந்து, புரியாத குறிகளாக வந்து நிற்கும். இன்னொன்று, அங்கே ஏ4 தாள், இங்கே லெட்டர் தாள், உயரம் குறைவு. அப்படியே அச்சடித்தால் கீழே கையெழுத்துக் கோடு வெட்டுப்பட்டுப் போகும். அச்சானதும் ஒவ்வொரு பக்கத்தின் அடிவரியையும் பாருங்கள். ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, நல்ல வெள்ளைத்தாள் போதும். முத்திரைத் தீர்வையை இந்தியா போன பிறகு கட்டிக்கொள்ளலாம், அதற்குக் காலக்கெடு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா? தனக்குத் தெரியாத மொழியில் உள்ள பத்திரத்துக்கும் நோட்டரி சான்றளிக்கலாம், கலிபோர்னியா விதி தடுக்கவில்லை. ஆனால் படிக்க முடியாத தாளைப் பார்த்ததும் சில நோட்டரிகள் தயங்கிப் பின்வாங்குவார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஊர் வக்கீல் தமிழில்தான் வேண்டும் என்றால் போனிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள்.

பெயர்: நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். அமெரிக்காவில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல் முளைக்கிறது. ஓர் உதாரணம்: மூலப்பத்திரத்தில் ‘கு. சரவணன், த/பெ குமாரசாமி’. பாஸ்போர்ட்டில் ‘சரவணன் குமாரசாமி’. ஓட்டுநர் உரிமத்தில் ‘சரவணன் கே’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் இயற்பெயரே குடும்பப் பெயராகி, முன்னால் ‘எஃப்.என்.யூ.’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று. நான்கும் ஒரே ஆள்தான். நோட்டரிக்கு அது தெரியாது, சார்பதிவாளருக்கும் தெரியாது.

நோட்டரி பார்ப்பது பத்திரத்தில் கையெழுத்திடும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று. சார்பதிவாளர் பார்ப்பது மூலப்பத்திரத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று. இரண்டு பேரும் ஏற்க வேண்டுமானால் பத்திரத்தின் முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி வர வேண்டும்: “குமாரசாமி மகன் கு. சரவணன், பாஸ்போர்ட்டில் சரவணன் குமாரசாமி என்று பெயர் உள்ள நான்...” கூடவே பாஸ்போர்ட் எண், இங்குள்ள முகவரி, ஊர் முகவரி. கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே அச்சிடும் பெயர் நீங்கள் கொண்டுபோகப் போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். எனக்குத் தெரிந்து நோட்டரி மேசையிலிருந்து திரும்பி வருகிறவர்களில் பலர் இந்த ஒரு வரி இல்லாததால்தான் திரும்புகிறார்கள்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்றால் ஊரில் ஏப்ரல் மூன்று, இங்கே மார்ச் நான்கு. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. கையெழுத்திடும் இடம் என்று ஊர் எழுத்தர் பழக்கத்தில் ‘மதுரை’ என்று அடித்து வைத்திருப்பார். நீங்கள் ஃப்ரீமான்ட்டில் கையெழுத்திட்டால் ஃப்ரீமான்ட் என்றுதான் இருக்க வேண்டும். காலி இடம் எதுவும் விடாதீர்கள், பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்ட கோடுகளைப் பார்த்தால் கலிபோர்னியா நோட்டரி சான்றளிக்க மாட்டார், விதியே அப்படி. முகவரின் ஆதார் எண், கதவு எண் எல்லாம் முன்பே கேட்டு வாங்கி நிரப்பிவிடுங்கள்.

எங்கே போவது, போனில் என்ன கேட்பது

கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் பெரும்பாலும் இலவசம். ஆனால் பவர் பத்திரம் என்றதும் சில கிளைகள் செய்ய மாட்டோம் என்றுவிடும். யு.பி.எஸ். ஸ்டோர் போன்ற கூரியர் கடைகளில் கிடைக்கும். வீட்டுக்கே வரும் நோட்டரிகளும் உண்டு, நடக்க முடியாத பெற்றோர் கையெழுத்திட வேண்டும் என்றால் அவர்கள்தான் வசதி, பயணக் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கான சான்றுக்கு நோட்டரி வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 15 டாலர். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டால் 30. நியூயார்க்கில் இதே வேலைக்கு 2 டாலர்தான்.

வீடியோவில் பார்த்துச் செய்யும் இணையவழி நோட்டரியும் பல மாநிலங்களில் இருக்கிறது. ஊர்ச் சொத்துக்கான பவருக்கு அது வேண்டாம் என்பேன். மையில் போட்ட கையெழுத்தும் அசல் தாளும் கையில் இருந்தால் பதிவு அலுவலகத்தில் பேச்சுக்கே இடமில்லை.

நேரம் வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்: இந்தியாவில் உள்ள சொத்துக்கான பவர், செய்வீர்களா? எத்தனை பக்கம், எத்தனை பேர் கையெழுத்து என்று சொல்லுங்கள். எந்த அடையாள அட்டையை ஏற்பீர்கள்? பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கிறது, அவர்களை நான் கூட்டி வரலாமா? கடைசியாக, அப்போஸ்டில் வாங்கப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்போஸ்டில் என்பது நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மாநில அரசு வெளிநாட்டுக்குத் தரும் சான்று.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

காலாவதியாகாத கலிபோர்னியா ஓட்டுநர் உரிமம் அல்லது பாஸ்போர்ட். இந்திய பாஸ்போர்ட்டும் ஏற்கப்படும், பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருந்தால் அவர்களுக்கு அதுதான் அடையாளம். கிரீன் கார்டு கலிபோர்னியா பட்டியலில் இல்லை, பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆதார், ஓ.சி.ஐ. அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை எதுவும் செல்லாது. உரிமம், பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துப் போனால் எந்தப் பெயர் எதில் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம்.

இரண்டு சாட்சிகள், அவர்களுடைய அடையாள அட்டைகளோடு. பவர் வாங்கப் போகும் முகவர் சாட்சியாக இருக்கக் கூடாது. நோட்டரியைச் சாட்சியாகப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். கடையில் வேலை செய்பவர்கள் சாட்சி போடுவார்கள் என்று நம்பிப் போவதும் சரியில்லை, நண்பர்கள் இருவரை முன்பே கேட்டு வையுங்கள்.

பத்திரத்தில் இரண்டு அசல் பிரதிகள் கையெழுத்திட்டால் நல்லது. ஒன்று கூரியரில் தொலைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நோட்டரி கட்டணமும் அப்போஸ்டில் கட்டணமும் இரட்டிப்பாகும், அது பரவாயில்லை. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களை முன்பே ஒட்டிக்கொண்டு போங்கள். புகைப்படத்தின் மேல் முத்திரை போடச் சொன்னால் நோட்டரி மறுப்பார், வற்புறுத்த வேண்டாம். படத்தின் ஓரமாக உங்கள் கையெழுத்தைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் நகலுக்கும் நோட்டரி சான்று வாங்கி அனுப்பு என்று ஊரில் கேட்பார்கள். கலிபோர்னியா நோட்டரி பாஸ்போர்ட் நகலை ‘உண்மை நகல்’ என்று சான்றளிக்க முடியாது. ‘இது என் பாஸ்போர்ட்டின் சரியான நகல்’ என்று நீங்களே ஒரு வாக்குமூலம் எழுதி, அதை அவர் முன் சத்தியம் செய்து கையெழுத்திடலாம். அதற்குத் தனிக் கட்டணம்.

மிக முக்கியம்: வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நோட்டரி மேசையில்

அடையாள அட்டையைக் கொடுப்பீர்கள். பெயர், படம், காலாவதித் தேதி மூன்றையும் பார்ப்பார். பிறகு ஒரு பதிவேட்டைத் திறந்து தேதி, நேரம், பத்திரத்தின் வகை, அட்டை எண் எல்லாவற்றையும் எழுதி அதில் உங்கள் கையெழுத்தை வாங்குவார். பவர் பத்திரம் என்பதால் வலது கட்டைவிரல் ரேகையும் கேட்பார். பயப்பட வேண்டாம், அது கலிபோர்னியா விதி. அந்த ரேகை அவருடைய பதிவேட்டில்தான் இருக்கும். ஊர்ப் பத்திரத்திலும் ரேகை வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தால் ஒரு சின்ன மைத்தட்டை நீங்களே எடுத்துப் போங்கள்.

அப்புறம் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. பாஸ்போர்ட்டில் எப்படிப் போட்டிருக்கிறீர்களோ அதே மாதிரி. வருஷக்கணக்காக இங்கே கடன் அட்டை ரசீதில் கிறுக்கிக் கிறுக்கிப் பலருக்கு இன்ஷியல் போட்ட பழைய கையெழுத்தே மறந்திருக்கும். முந்தின நாள் நாலைந்து முறை போட்டுப் பாருங்கள்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோட்டரி அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார்: இது என்ன பத்திரம் என்று தெரியுமா, உங்கள் விருப்பத்தோடுதான் கையெழுத்திடுகிறீர்களா? நாம் பாசத்தில் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவோம். அவர் கையைக் காட்டி நிறுத்துவார். கலிபோர்னியாவில் மொழிபெயர்ப்பாளர் வைத்து நோட்டரி வேலை செய்யக் கூடாது. கையெழுத்திடுபவரும் நோட்டரியும் நேராகப் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும் என்றால் தமிழ் பேசும் நோட்டரியைத் தேடுங்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். இல்லாவிட்டால் தூதரக வழியைப் பாருங்கள். இதைச் சங்கடமாக நினைக்காதீர்கள், வயதானவர்களை மிரட்டிச் சொத்தை எழுதி வாங்கும் கொடுமையைத் தடுக்கத்தான் இந்த விதி. கையெழுத்துப் போட வராதவர் ரேகை வைக்கலாம், அதற்கு இரண்டு சாட்சிகள் அங்கேயே இருக்க வேண்டும்.

மனைவிக்கு ஆபீஸ் இருக்கிறது, அவர் பங்குக்கும் நானே வந்துவிட்டேன் என்பது நடக்காது. கையெழுத்திடும் ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். தேதியை முன்தள்ளிப் போடச் சொல்லியும் கேட்காதீர்கள்.

நாற்காலியை விட்டு எழும் முன் சான்றிதழைப் படியுங்கள். கவுன்ட்டி பெயர் சரியா, தேதி சரியா, உங்கள் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா, அவருடைய கையெழுத்து இருக்கிறதா, முத்திரை எழுத்தின் மேல் விழாமல் தெளிவாக இருக்கிறதா, முத்திரையில் உள்ள நியமனக் காலாவதித் தேதி தாண்டவில்லையா. முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே இன்னொரு முறை போடச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி அப்பாயின்ட்மென்ட்தான்.

சான்றிதழைப் பத்திரத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பார். அந்தப் பின்னைக் கழற்றாதீர்கள். ஸ்கேன் எடுக்க வசதி என்று கழற்றினால், நடுவில் பக்கம் மாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு இடமாகிவிடும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அதற்குப் பிறகு

இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005-லேயே சேர்ந்துவிட்டது, அமெரிக்காவும் உறுப்பு நாடு. நோட்டரி எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டிலை வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பலாம், ஒன்றுக்கு 20 டாலர். எந்த நாட்டுக்கு என்று குறிப்பெழுதி, உங்கள் முகவரி எழுதிய தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வையுங்கள். அவசரம் என்றால் சாக்ரமென்டோவிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ நேரில் போகலாம், அப்போது ஒவ்வொரு நோட்டரி கையெழுத்துக்கும் 6 டாலர் கூடுதல். நியூயார்க்கில் இருப்பவர்கள் முதலில் கவுன்ட்டி கிளார்க்கிடம் சான்று வாங்கிய பிறகுதான் மாநில அலுவலகம் போக முடியும்.

பிறகு நல்ல கூரியரில் அசலை ஊருக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. எந்த நாளில் வந்தது என்பதற்குக் கூரியர் உறைதான் சாட்சி, அதைக் கிழித்து எறிய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி வையுங்கள். அவர் அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்த் தீர்வை கட்டி முறைப்படுத்திக்கொள்வார்.

இன்னும் ஒன்று பாக்கி. தம்பி கிரையப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் நாளில், பவர் கொடுத்த நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள், கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செல்லாது என்பதால். அந்தச் சான்று வாங்கி 30 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆகவே பவரோடு சேர்த்து இப்போதே வாங்கி அனுப்பிப் பயனில்லை. விற்கும் தேதி முடிவானதும் மறுபடி நோட்டரியிடம் போக வேண்டும். ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்று அவராக எழுதித் தர மாட்டார். ‘நான் இன்ன தேதியில் உயிரோடு இருக்கிறேன், நான் கொடுத்த பவரை ரத்து செய்யவில்லை’ என்று நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் அவர் முன் சத்தியம் செய்து கையெழுத்திடுவீர்கள், அதற்குத்தான் அவர் சான்று. வாசகம் எப்படி இருக்க வேண்டும், இதற்கும் அப்போஸ்டில் வேண்டுமா என்பதைத் தம்பி அந்த சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டுச் சொல்லட்டும். கூரியர் போய்ச் சேரும் நாட்களையும் அந்த 30-க்குள் கணக்குப் போட்டுக்கொண்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.